சிர்த்தா கூட்டம்: கணக்குக் கேட்டவரிடமே கணக்குக் கேட்டபோது

துரும்பு, உத்திரம் உவமையை வைத்து ஒரு பிரசங்கமாவது கேட்காத கிறிஸ்தவர் நம்மிடையே இருக்க மாட்டார். மத்தேயு 7ஆம் அதிகாரம். நம்ம சபைகளில் அது பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுகிறது: யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவர் வாயை அடைப்பதற்கு. நீ மட்டும் யோக்கியமா, நீ எப்படிக் கேட்கலாம், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஆனால் இயேசுவின் பேச்சு அங்கே முடியவில்லை. உன் கண்ணைச் சரி செய்துகொண்டால் அப்புறம் அடுத்தவன் கண்ணிலிருப்பதை எடுக்க உனக்குப் பார்வை தெளியும் என்று அது மேலே போகிறது. அதாவது துரும்பும் எடுக்கப்பட வேண்டியதுதான். எது முதலில், எது பிறகு என்பதுதான் அங்கே விஷயம்.

இந்த வரிசைப்படியே நடந்து பார்க்கலாம் என்று ஒரு பிஷப் கூட்டம் உண்மையிலேயே முயன்றது. இடம் வட ஆப்பிரிக்கா, ஏறத்தாழ 1,700 வருஷங்களுக்கு முன்னால். முதலில் நம்மைச் சோதித்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள், நிறுத்தியதால் என்ன ஆனது என்று சில வாரங்களாகப் படித்து எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

303: புத்தகங்களைக் கொண்டு வா

303 பிப்ரவரியில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஒரு ஆணை போட்டார். கிறிஸ்தவர்களின் ஆலயங்களை இடிக்க வேண்டும், வேதப்புத்தகங்களை வாங்கி எரிக்க வேண்டும். முந்தைய உபத்திரவங்களில் ஆட்களைப் பிடித்துப் பலி செலுத்தச் சொன்னார்கள். இந்தத் தடவை முதல் குறி புத்தகம். அச்சுக்கூடம் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீங்க. ஒரு சபையிடம் இருப்பதே கையால் எழுதின சில பிரதிகள்தான். அது எரிந்தால் எரிந்ததுதான்.

புத்தகத்தை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களுக்கு ஆப்பிரிக்கச் சபைகளில் ஒரு பெயர் வந்தது: த்ராதித்தோர். லத்தீனில் 'ஒப்படைக்கிறவன்' என்று பொருள். யூதாஸ் இயேசுவை ஒப்படைத்ததற்கும் லத்தீனில் அதே வினைச்சொல்தான். ஆங்கிலத்தில் துரோகியைக் குறிக்கிற ட்ரெய்ட்டர் என்ற சொல்லும் இதன் வழியாக வந்ததுதான். நம்ம காதுக்கு 'காட்டிக்கொடுத்தவன்' என்ற சொல் எப்படிக் கேட்குமோ அப்படி அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

சிர்த்தா என்ற ஊர் இன்றைக்கு அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே 303 மே 19 அன்று நடந்த சோதனையின் அரசாங்கக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிசயமான ஆவணம். நகர நிர்வாகி முனாத்தியுஸ் பெலிக்ஸ் ஆட்களோடு கிறிஸ்தவர்கள் கூடுகிற வீட்டுக்கு வருகிறார், எழுத்தர் நடப்பதை எல்லாம் எழுதிக்கொண்டே போகிறார். 2 தங்கக் கிண்ணங்கள், 6 வெள்ளிக் கிண்ணங்கள், 7 வெள்ளி விளக்குகள். அப்புறம் 82 பெண்கள் அங்கிகள், 38 முக்காட்டுத் துணிகள், 16 ஆண்கள் அங்கிகள், ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழை விதவைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்த துணிமணியாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பெரிய இறையியல் புத்தகம் எதுவும் காட்டாத அளவுக்கு ஒரு பழைய சபை நம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பிஷப் பவுலுஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூப்பர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், டீக்கன்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். புத்தகம் எங்கே என்றால், அது வாசகர்களிடம் இருக்கிறது, இங்கே இருப்பதைத் தருகிறோம் என்கிறார் பிஷப். சபையில் வேதம் வாசிக்கிற பொறுப்பில் இருந்தவர்கள்தான் இந்த வாசகர்கள். அவர்கள் யார் யார் என்றால், உங்கள் எழுத்தர்களுக்கே அவர்களைத் தெரியுமே என்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் வழியை மறிக்கவும் இல்லை. அலமாரிகள் காலியாக இருக்கின்றன. அப்போது சில்வானுஸ் என்ற உபடீக்கன் ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து, ஜாடிக்குப் பின்னால் கிடந்தது என்று கொடுக்கிறார். இதை மட்டும் நீ கண்டுபிடிக்காமல் இருந்தால் செத்திருப்பாய் என்கிற மாதிரி ஒரு எழுத்தர் அவரிடம் சொல்கிறார். சில்வானுஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

வேறு இரண்டு உபடீக்கன்கள் ஒரு பெரிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வாசகர்கள் வீட்டைக் காட்ட மாட்டோம், நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை, வேண்டுமானால் கொல்லுங்கள் என்று நின்றுவிட்டார்கள். அவர்களைக் காவலில் வைத்தார்கள். புத்தகத்தைக் கொடுத்த கை, ஆளைக் காட்டவில்லை. பிறகு அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு வீட்டில் 4, ஒரு வீட்டில் 5, ஒரு வீட்டில் 8 என்று அன்றைக்கு மட்டும் 30க்கும் மேற்பட்ட புத்தகங்கள் போயின. லத்தீன் இலக்கண ஆசிரியர் விக்டர் என்பவர் வீட்டில் 2 புத்தகங்களும் தைக்கப்படாத 4 கட்டுகளும்.

தன் காலுக்கு ஒரு அடி தள்ளிப் போட்ட கோடு

உபத்திரவம் கொஞ்சம் அடங்கின பிறகு, வழக்கமாகச் சொல்லப்படுகிற தேதிப்படி 305இல், சிர்த்தாவுக்குப் புது பிஷப்பை ஏற்படுத்த நுமிதியா மாகாணத்தின் பிஷப்கள் ஒரு டஜன் பேர் கூடினார்கள். ஆலயங்கள் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை, ஒருவருடைய வீட்டில்தான் கூட்டம். தலைமை திகிசி ஊர் பிஷப் செகுந்துஸ். அந்தக் கூட்டத்தின் குறிப்பைப் பின்னாளில் அகுஸ்தினார் தன் நூலொன்றில் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார்.

செகுந்துஸ் முதலில் சொன்னது நியாயமான விஷயம். ஒருவரை அபிஷேகம் செய்வதற்கு முன்னால் நம்மை நாமே சோதித்துக்கொள்வோம் என்றார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.

மாஸ்குலா ஊர் தொனாத்துஸிடம், நீர் ஒப்படைத்ததாகச் சொல்கிறார்களே என்றார். அதிகாரி என்னைத் தூபம் காட்ட வைக்கத் தேடினார், கடவுள் என்னை அவர் கையில் விடவில்லை, அவரே என்னை விட்டிருக்கும்போது நீரும் என்னை அவரிடமே விட்டுவிடும் என்றார் அவர். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. அப்படியானால் ஒப்படைக்க மறுத்துச் செத்துப்போன சாட்சிகளை என்ன செய்வது என்று செகுந்துஸ் திருப்பிக் கேட்டதும், அதற்கும் அவர் கடவுளிடமே கணக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அடுத்தவர் மாரினுஸ். நான் சில தாள்களைத்தான் கொடுத்தேன், என் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. கலாமா ஊர் தொனாத்துஸ், நான் கொடுத்தது மருத்துவப் புத்தகங்களை. ருசிக்காதே ஊர் விக்டர் கொஞ்சம் நேர்மையானவர் என்று சொல்லத் தோன்றுகிறது. நான்கு சுவிசேஷங்களை நெருப்பில் போட்டேன், அதிகாரி கட்டாயப்படுத்தினார், ஆனால் அவை எழுத்து அழிந்துபோன பிரதிகள். இதை மன்னியுங்கள், கடவுளும் மன்னிப்பார் என்றார். அந்தக் கூட்டத்தில் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தவர் அவர் ஒருவர்தான். அவருங்கூட ஒரு 'ஆனால்' சேர்க்காமல் விடவில்லை.

எனக்கு இந்தப் பதில்களில்தான் மனம் அதிக நேரம் நின்றது. தாள், மருத்துவப் புத்தகம், எழுத்து அழிந்த சுவிசேஷம். ஒவ்வொருவரும் துரோகம் என்பதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு எப்போதும் அவரவர் கால் இருக்கிற இடத்துக்கு ஒரு அடி தள்ளித்தான் விழுகிறது. மருத்துவப் புத்தகம் கொடுத்தவருக்குச் சுவிசேஷம் கொடுத்தவன் துரோகி. அழிந்த பிரதியைக் கொடுத்தவருக்கு நல்ல பிரதியைக் கொடுத்தவன் துரோகி. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கொடுத்தது உண்மையிலேயே மருத்துவப் புத்தகமாக இருந்திருக்கும். விஷயம் வேறு: தன் சமரசத்துக்கு இவ்வளவு நுணுக்கமாக வகை பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, அடுத்தவன் செய்தது என்று வரும்போது 'கொடுத்தான், கொடுக்கவில்லை' என்ற இரண்டே வகைதான் தெரிகிறது. இது பின்னால் வரும்.

கார்த்தேஜ் நகரத்து பிஷப் மென்சூரியுஸ் இன்னும் சாமர்த்தியசாலி. ஆலயத்தில் வேதப்புத்தகங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துர்உபதேசக்காரர்களின் புத்தகங்களை வைத்திருந்தேன், அதைத்தான் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று செகுந்துஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு பக்கம் பார்த்தால் புத்திசாலித்தனம், இன்னொரு பக்கம் பார்த்தால் வந்த ஆளுக்கு வேண்டியதைக் கொடுத்தது மாதிரியே ஒரு நடிப்பு. செகுந்துஸின் பதில் கடிதம் இதற்கு நேரெதிர். என்னிடமும் நூற்றுவர் தலைவன் வந்தான், நான் கிறிஸ்தவன், பிஷப், ஒப்படைக்கிறவன் இல்லை என்று சொன்னேன். குப்பையாகக் கிடக்கிற ஏதாவது தாளையாவது கொடு என்றார்கள், அதையும் கொடுக்கவில்லை என்று எழுதினார். மக்கபேயர் காலத்து எலெயாசரை உதாரணம் காட்டினார். பன்றி இறைச்சி தின்பது மாதிரி பாசாங்கு செய்யச் சொன்னதற்கும் மறுத்துச் செத்த கிழவர் அவர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. அப்படிச் சொன்ன ஆளை அவர்கள் ஏன் விட்டார்கள்?

புர்புரியுஸ் கேட்ட கேள்வி

சிர்த்தா கூட்டத்தில் இதைக் கேட்டவர் லிமாத்தா ஊர் பிஷப் புர்புரியுஸ். நல்ல மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. உன் சகோதரியின் இரண்டு பிள்ளைகளை மிலேவியில் நீ கொன்றதாகச் சொல்கிறார்களே என்று செகுந்துஸ் கேட்டபோது அவர் மறுக்கக்கூட இல்லை. மற்றவர்களை மாதிரி என்னையும் பயமுறுத்தலாம் என்று நினைக்கிறாயா என்று ஆரம்பித்தார். உன்னை நகர நிர்வாகியும் சபையாரும் பிடித்து வைத்துப் புத்தகம் கேட்டார்களே, நீ ஏதாவது கொடுக்காமலோ கொடுக்கச் சொல்லாமலோ எப்படி வெளியே வந்தாய், சும்மாவா விட்டார்கள் என்று கேட்டார். அதோடு, எனக்கு எதிராகப் போகிறவர்களைக் கொன்றேன், இனியும் கொல்வேன், மேலே பேச வைக்காதே என்றும் சேர்த்துக்கொண்டார்.

கேட்டவன் கொலைகாரன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இது எனக்கு இந்த ஆவணத்திலேயே மிகவும் கஷ்டமான இடம். நம்மைச் சோதிக்கிற கேள்வி ஒரு பரிசுத்தவான் வாயிலிருந்து வந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது இப்படித்தான் வரும்: நமக்குப் பிடிக்காதவன் வாயிலிருந்து, கெட்ட நோக்கத்தோடு, மிரட்டலாக. யார் கேட்டது என்பதைக் காரணம் காட்டிக் கேள்வியைத் தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம்.

செகுந்துஸ் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருடைய உறவுக்காரப் பையன், பெயரும் செகுந்துஸ்தான், குறுக்கே வந்து ஒரு ஆலோசனை சொன்னான். இவன் பிரிந்து போகத் தயாராக இருக்கிறான், நீங்கள் குற்றம் கேட்ட எல்லோரும் இவனோடு போவார்கள், எல்லோரும் சேர்ந்து உங்களுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதிவிடுவார்கள், கடைசியில் நீங்கள் ஒருத்தர்தான் துர்உபதேசக்காரர் என்று தனியாக நிற்பீர்கள். யார் என்ன செய்தால் உங்களுக்கென்ன, அவனவன் கடவுளுக்குக் கணக்குச் சொல்லட்டும் என்றான். செகுந்துஸ் இன்னும் மூன்று பிஷப்களிடம் அபிப்பிராயம் கேட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். சரி, உங்களுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், உட்காருங்கள் என்றார் செகுந்துஸ். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மத்தேயு 7இன் முதல் வசனத்துக்குக் கீழ்ப்படிந்தது மாதிரியே இருக்கும். ஒருவரை ஒருவர் தீர்க்காமல் தேவனிடம் விட்டுவிட்டார்கள், எவ்வளவு அழகு! தமிழ்ச் சபைகளில் வளர்ந்த யாருக்கும் இந்தப் பாஷை பழக்கம். கர்த்தர் பார்த்துக்குவார், நமக்கெதுக்கு வீண் வம்பு. எனக்கு நெருங்கிய ஒருவர் ஒரு சபைக் கமிட்டியில் இருந்தார், எந்தச் சபை என்பது வேண்டாம். கட்டட நிதியில் ஒரு குளறுபடி. சபைப் பணத்தைக் கையாண்ட நாம் ஒவ்வொருவரும் முதலில் நம்ம கணக்கை மேஜையில் வைப்போம் என்று அவர் சொன்னதும் அறையில் ஒரு அமைதி. பெரியவர் ஒருவர் தேவனிடம் ஒப்புக்கொடுப்போம் என்றார், ஜெபம் செய்தார்கள், டீ வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே கமிட்டி, காணிக்கைப் பெட்டியில் சில்லறை குறைந்தது என்று கோயில் வேலை பார்க்கிற மனிதரை ஒரே கூட்டத்தில் வேலையை விட்டு அனுப்பியது. அன்றைக்கு யாரும் தேவனிடம் விடச் சொல்லவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். தீர்க்காமல் இருப்பது வேறு, ஒருவர் கணக்கை ஒருவர் கேட்காமல் இருப்பதென்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது வேறு. இரண்டுக்கும் வெளியில் ஒரே சொற்கள்தான். முதலாவது மனிதனை இரக்கமுள்ளவனாக்கும். இரண்டாவது அவனை ரொம்பக் கடுமையானவனாக்கும் என்பதற்குச் செகுந்துஸின் கூட்டமே சாட்சி.

கார்த்தேஜில் தீர்ப்பு

மென்சூரியுஸ் இறந்த பிறகு செசிலியான் என்ற டீக்கன் கார்த்தேஜுக்கு பிஷப் ஆனார். அவருக்குக் கைவைத்தவர் அப்துங்கா ஊர் பிஷப் பெலிக்ஸ். நுமிதியா பிஷப்களைக் கேட்காமல் அவசரமாக நடந்த அபிஷேகம் என்று அவர்களுக்குக் கோபம். செசிலியான்மேல் தனிக் கோபம் வைத்திருந்த பணக்காரப் பெண் லூசில்லாவும் இருந்தார். நற்கருணைக்கு முன்னால் ஒரு சாட்சியின் எலும்பை முத்தம் செய்கிற அவருடைய வழக்கத்தை ஒரு காலத்தில் செசிலியான் கண்டித்திருந்தார். 312 வாக்கில் நுமிதியாவிலிருந்து செகுந்துஸ் தலைமையில் ஏறத்தாழ 70 பிஷப்கள் கார்த்தேஜுக்கு வந்து கூடினார்கள். குற்றச்சாட்டு என்ன? கைவைத்த பெலிக்ஸ் புத்தகங்களை ஒப்படைத்தவர், ஆகவே அந்த அபிஷேகமே செல்லாது.

வந்திருந்தவர்களில் தாள் கொடுத்த மாரினுஸ் உண்டு. மருத்துவப் புத்தகம் கொடுத்த தொனாத்துஸ் உண்டு. நான்கு சுவிசேஷங்களை நெருப்பில் போட்ட விக்டர் உண்டு. புர்புரியுஸ் உண்டு. சிர்த்தாவில் அன்றைக்கு பிஷப்பாக்கப்பட்டவரும் உண்டு. அவர் யார் தெரியுமா? ஜாடிக்குப் பின்னாலிருந்து வெள்ளி விளக்கை எடுத்துக் கொடுத்த அதே சில்வானுஸ். பெலிக்ஸிடம் குறையிருந்தால் என்னை இன்னும் டீக்கன் என்றே வைத்து நீங்களே கைவையுங்கள் என்று செசிலியான் சொல்லி அனுப்பினார். வரட்டும், கைவைப்பதற்குப் பதில் மண்டையை உடைப்போம் என்கிற ரீதியில் புர்புரியுஸ் பதில் சொன்னதாக மிலேவி ஊர் பிஷப் ஒப்தாத்துஸ் எழுதுகிறார். செசிலியானைத் தள்ளிவிட்டு, லூசில்லாவின் வீட்டைச் சேர்ந்த மயோரினுஸ் என்பவரை பிஷப்பாக்கினார்கள். அவருக்குப் பின் வந்த தொனாத்துஸின் பெயரால்தான் இந்தப் பிரிவுக்குத் தொனாத்திஸ்ட் என்று பெயர். (இது மூன்றாவது தொனாத்துஸ். ஆப்பிரிக்காவில் அப்போது ரொம்பச் சாதாரணமான பெயர்.)

பெலிக்ஸ் உண்மையில் கொடுத்தாரா என்று 314-315இல் அரசாங்கம் விசாரித்தது. உபத்திரவக் காலத்தில் அவருடைய ஊரில் அதிகாரியாக இருந்தவரையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கிறிஸ்தவரும் இல்லை. அவர் எழுதியதாகக் காட்டப்பட்ட கடிதத்தின் பின்பகுதியை இங்கென்தியுஸ் என்பவர் தானாகச் சேர்த்து எழுதியிருந்தது தெரியவந்தது. பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அதனால் ஒன்றும் மாறவில்லை. பிரிவு நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஊருக்கு ஊர் இரண்டு பிஷப், இரண்டு பீடம்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சிர்த்தா கூட்டக் குறிப்பு நமக்குக் கிடைப்பது தொனாத்திஸ்டுகளின் எதிரிகள் வழியாகத்தான். 411இல் கார்த்தேஜில் இரண்டு தரப்பும், பக்கத்துக்கு ஏறத்தாழ 280 பிஷப்கள், நேருக்கு நேர் விவாதித்தபோது தொனாத்திஸ்டுகள் இதைப் போலி என்றார்கள். உபத்திரவக் காலத்தில் பிஷப்கள் எப்படி ஒரு வீட்டில் கூட முடியும் என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. எனக்கு அந்தக் குறிப்பு பொதுவில் நம்பும்படியாகவே இருக்கிறது. எதிரியை மட்டம் தட்ட யாராவது கட்டிவிட்ட கதை என்றால் ருசிக்காதே விக்டர் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார். அதுபோக, சில்வானுஸ் விஷயம் தனி அரசாங்க ஆவணம்.

இன்னொன்றும் உண்டு. 411இல் உட்காரச் சொன்னபோது தொனாத்திஸ்ட் பிஷப்கள் உட்கார மறுத்தார்கள். துன்மார்க்கரோடு உட்கார மாட்டேன் என்கிற சங்கீதத்தைக் காரணம் காட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய முன்னோர் ஒருவர் குற்றத்தை ஒருவர் கேட்காமல் உட்கார்ந்ததில் ஆரம்பித்தது இது.

ஆனால் இதைப் படித்து எதிர்த் தரப்பைப் பாராட்டிவிடவும் முடியாது. அந்த விவாதத்துக்குப் பிறகு 412 ஜனவரியில் பேரரசர் ஹொனோரியுஸ் தொனாத்திஸ்டுகளுக்கு அந்தஸ்துக்குத் தக்கபடி அபராதம் விதித்தார். அவர்களுடைய ஆலயங்கள் பறிக்கப்பட்டன. பிரிந்தவர்களை அரசாங்க பலத்தால் திரும்பக் கொண்டுவரலாம் என்பதை ஆரம்பத்தில் விரும்பாத அகுஸ்தினார் 408 வாக்கில் அதை நியாயப்படுத்தி எழுத ஆரம்பித்திருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசாங்கம் ஆலயத்துக்குள் வந்ததை உபத்திரவம் என்று சொன்ன சபை, அதே அரசாங்கத்தை இன்னொரு ஆலயத்துக்குள் அனுப்பியது. சிர்த்தாக் குறிப்பை எதிரியின் உத்திரத்தைக் காட்டுவதற்கு அவ்வளவு திறமையாகப் பயன்படுத்தியவர்கள் இதைத் தங்கள் கண்ணில் தேடிய மாதிரி தெரியவில்லை.

வேறு வழி இருந்ததா?

இருந்தது, அதுவும் அதே ஆப்பிரிக்காவில். 250இல் தெசியுஸ் பேரரசர் காலத்தில் எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை. அந்தச் சான்றிதழ்கள் 40க்கும் மேல் எகிப்து மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் ஊரை விட்டு ஒளிந்துகொண்டார்.

ஆடுகளை விட்டு ஓடிய மேய்ப்பன் என்கிற மாதிரி ரோமச் சபையின் மூப்பர்கள் ஜாடையாக எழுதினார்கள். சிப்ரியான் தான் செய்தது சரி என்றே வாதாடினார், அதை ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வாதாடிய விதம். நீங்கள் யார் கேட்க என்று சொல்லவில்லை, கடவுளுக்குக் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஒளிந்திருந்த காலத்தில் சபைக்கு எழுதிய 13 கடிதங்களின் பிரதிகளை அப்படியே ரோமுக்கு அனுப்பி, நான் என்ன செய்தேன் என்று பாருங்கள் என்றார்.

அதற்குப் பிறகு 251இல் அவர் தலைமையில் கூடிய மன்றம் விழுந்துபோனவர்களை எப்படி நடத்தியது என்று பாருங்க. சான்றிதழ் மட்டும் வாங்கினவர் வேறு, பலி செலுத்தினவர் வேறு. ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாக விசாரித்து, சான்றிதழ் வாங்கினவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், பலி செலுத்தினவர்கள் நீண்ட மனந்திரும்புதலில் இருந்து மரணத் தறுவாயில் சேர்க்கப்படலாம் என்றும் முடிவு செய்தார்கள். அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது அதையும் தளர்த்தி, மனந்திரும்பிக் காத்திருந்த எல்லோரையும் சேர்த்தார்கள். சிர்த்தா பிஷப்கள் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்ட அந்த நுணுக்கமான வகைப்பிரிப்பை, இங்கே ஒரு சபை அடுத்தவர்களுக்காகச் செய்திருக்கிறது. தன் கணக்கை மேஜையில் வைத்த ஆள் தலைமையில் இருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். (வேடிக்கை என்னவென்றால் பிற்பாடு இரண்டு தரப்பும் சிப்ரியானைத் தங்கள் ஆள் என்றுதான் சொல்லிக்கொண்டன.)

320: பழைய பக்கம் திரும்பி வந்தது

சில்வானுஸ் 15 வருஷம் போல பிஷப்பாக இருந்தார். பிறகு அவருக்கும் அவருடைய டீக்கன் நுந்தினாரியுஸுக்கும் சண்டை வந்தது. டீக்கன் பழைய ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு 320இல் நுமிதியா ஆளுநர் செனோஃபிலுஸிடம் போனார். அந்த விசாரணையில் லூசில்லா கொடுத்த 400 மூட்டைக் காசு பிஷப்களுக்குள் பங்கானது, வண்ணார் தொழில் செய்த ஒருவர் 20 மூட்டைக் காசு கொடுத்து மூப்பர் ஆனது, அரசாங்கத்துக்குச் சொந்தமான காடிப் பீப்பாய்கள் காணாமல் போனது, எல்லாம் வெளியே வந்தது. நுந்தினாரியுஸின் நோக்கம் சுத்தமானது இல்லை, புர்புரியுஸின் நோக்கம் போலத்தான். சில்வானுஸ் கடைசியில் நாடுகடத்தப்பட்டார்.

அன்றைக்கு முதலில் கூப்பிடப்பட்ட சாட்சி, லத்தீன் இலக்கண ஆசிரியர் விக்டர். தன் குடும்பப் பெருமையை எல்லாம் சொன்னார்: அப்பா நகரமன்ற உறுப்பினர், தாத்தா படைவீரர், பூர்வீகம் மூர் இனம். உபத்திரவம் வந்தபோது நான் மலைக்கு ஓடிப்போய்விட்டேன், நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், திரும்பி வந்து பார்த்தால் இல்லை என்றார். நுந்தினாரியுஸ் குறுக்கிட்டு, நீரே கொடுத்ததாகக் குறிப்பில் இருக்கிறதே என்றார். ஆளுநர் 303 மே 19ஆம் தேதிக் குறிப்பை வாசிக்கச் சொன்னார்.

எழுத்தர் வாசித்தார். வெள்ளிக் கிண்ணங்கள், பெண்கள் செருப்பு 47 ஜோடி, சில்வானுஸ் கொண்டுவந்த விளக்கு, பிறகு வீடு வீடாகப் போனது. விக்டரின் வீடு வந்தது. அவர் 2 புத்தகங்களையும் 4 கட்டுகளையும் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னும் இருக்கும், கொண்டு வா என்கிறார் அதிகாரி. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனே என்கிறார் விக்டர்.